வீட்டில் தனியாக இருக்கும்போது...



நாம் இங்கே பட்டறையில் அரம் தேய்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் நம் வீட்டில் யார் இருக்கிறார்கள்? அப்பா அம்மா கரும்பு வெட்டவோ நடவுக்கோ போயிருப்பார்கள். ஆயா மட்டும் தனியாக. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். ஆகவே ஃபோன், மருந்துச் சீட்டு எல்லாம் என் இலாகா!

தனியாள் செய்யவேண்டிய முதல் வேலை ஃபோனை எடுப்பது. ‘கொஞ்சம் படுத்துப் பாப்போம்’ என்று நேரத்தைக் கடத்தவே கூடாது. கட்டுவிரியனை எடுத்துக்கொள்ளுங்கள். இரவில் தரையில் படுத்திருப்பவரைத்தான் பெரும்பாலும் கடிக்கும். வலி அதிகம் இராது, பல் தடம்கூடத் தெரியாமல் போகலாம். வயிற்று வலி என்று நினைத்து ஓமத் தண்ணீர் குடிப்பவர்கள் உண்டு. அந்த விஷம் நரம்பிலிருந்து தசைக்குப் போகும் கட்டளையைத் தடுத்துவிடுகிறது. (எலெக்ட்ரிகல் நண்பர்களே, சப்ளை இருக்கும், மோட்டார் ஓடாது!) கண்ணிமை சரியும், நாக்கு குழறும், பிறகு மூச்சுத் திணறும். நாக்கு குழறிய பின் ஊர்ப் பெயரை எப்படிச் சொல்வது?

எங்கள் ஊரில் ஒருவரை முதலில் மந்திரிக்கத்தான் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரி சேரும்போது விடிந்துவிட்டது. பிழைக்கவில்லை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான். பாம்பைத் தேடிப் பிடிக்க வேண்டாம். கயிறு கட்டாமல், கீறாமல், கடிபட்ட காலை அசைக்காமல் இருந்தால் போதும். மெட்டி, மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள்.

தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது. கட்டணம் இல்லை. ஃபோனை எடுப்பவர் சென்னையில் இருப்பார். ‘மாரியம்மன் கோவில் தெரு’ என்றால் அவருக்கு என்ன தெரியும்? மாவட்டம், வட்டம், ஊர், அடையாளம் என்ற வரிசையில் சொல்லுங்கள். மாவட்டம் கள்ளக்குறிச்சி! 2019 வரை நாம் விழுப்புரம் மாவட்டம், பெரியவர்கள் வாயில் இன்னும் அதுதான் வருகிறது. அவர் வைக்கச் சொல்லும்வரை ஃபோனை வைக்காதீர்கள்.

அடுத்து தாழ்ப்பாள். உள்ளே தாழிட்டுக்கொண்டு மயங்கிவிட்டால், வண்டி வாசலுக்கு வந்தும் கதவை உடைக்க வேண்டும். கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, அங்கேயே சாய்ந்து உட்கார வேண்டியதுதான். குரல் எழும்பாவிட்டால் தட்டைத் தட்டலாம். எங்கள் ஆயாவின் கட்டிலடியில் எவர்சில்வர் தட்டும் கரண்டியும் வைத்தேன். ‘நான் என்ன தேர் திருவிழாவாடா நடத்தப்போறேன்?’ என்று சிரித்தது.

கல்வராயன் மலை நண்பர்கள் ‘எங்க ஊர்ல டவரே இல்ல’ என்பார்கள். போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் பொது எண் 112. நம் கம்பெனி சிக்னல் இல்லாவிட்டாலும், வேறு கம்பெனி டவர் எட்டினால் அது வழியாக 112 போகும்படிதான் செல்ஃபோன் முறையை அமைத்திருக்கிறார்கள். பட்டன் ஃபோனில் 5 அல்லது 9-ஐ அழுத்திப் பிடித்தாலே அவசர அழைப்பு போக வேண்டும் என்று 2016-இல் மத்திய அரசு விதி போட்டது. ஆயாவின் ஃபோன் அதற்குப் பிறகு வாங்கியது. எழுத்து தெரியாது என்பதால் 5-இன் மேல் ஒரு சொட்டு சிவப்பு நெயில் பாலிஷ் வைத்திருக்கிறேன்.