கறுப்புப் பட்டியோடு கூண்டுக்குள்

2021 ஆகஸ்ட் 7, டோக்கியோ ஒலிம்பிக். 75 கிலோவுக்கு மேற்பட்டோருக்கான குமித்தே இறுதிப் போட்டி. சவூதியின் தாரெக் ஹமெதி 4–1 என்று முன்னிலையில் நின்றார். அடுத்து அவர் விட்ட உதை ஈரானின் சஜாத் கஞ்ச்சாதேயின் தலையில் முழுமையாகப் பட்டது. கஞ்ச்சாதே மயங்கி விழுந்தார், தூக்குப்படுக்கையில் கொண்டுபோனார்கள். தங்கம் விழுந்தவருக்கே போனது. அளவு மீறி அடித்ததாக ஹமெதி தகுதிநீக்கம் செய்யப்பட்டார், வெள்ளிதான் மிச்சம். எம்.எம்.ஏ கூண்டில் அதே உதை விழுந்திருந்தால் அந்த நொடியே அவருக்கு வெற்றி.

ருவான்வெல்லை, எட்டியாந்தோட்டை, தெஹியோவிட்டப் பக்கம் பாடசாலை மண்டபத்திலோ கோயில் மண்டபத்திலோ கராத்தே படித்துக் கறுப்புப் பட்டி வரை வந்தவர் நீங்கள் என்றால், எம்.எம்.ஏ பற்றி யோசிக்கும்போது இந்த வித்தியாசத்தில் இருந்துதான் தொடங்க வேண்டும். படித்ததைத் தூக்கி எறியச் சொல்லும் பயிற்றுநரை நம்ப வேண்டாம். ஷோட்டோக்கான் மாஸ்டர் யோஷிசோவின் மகன் லியோட்டோ மச்சிடா, 2009 மே மாதம் ரஷாத் எவன்ஸை வீழ்த்தி யு.எஃப்.சி லைட் ஹெவிவெயிட் பட்டத்தை எடுத்தது இதே கராத்தேயை வைத்துத்தான். 2011இல் ராண்டி கொத்தூரைப் பாய்ந்து விட்ட முன் உதையால் சாய்த்தார். ஆனால் அவர் சிறுவயதிலேயே சுமோவும், பதின்வயதில் ஜியு-ஜிட்சுவும் பழகியவர். அவரைப் பார்த்துக் கராத்தே மட்டும் போதும் என்று முடிவுகட்டுவது ஆபத்து.

உங்கள் கையில் உள்ள பெரிய சொத்து தூரம். புள்ளிக் குமித்தேயில் எவரும் அடி எட்டும் இடத்தில் நின்று பேரம் பேசுவதில்லை. வெளியே நின்று, ஒரே பாய்ச்சலில் உள்ளே வந்து, கியாகு சுக்கி போட்டு, வெளியே போகிறோம். குத்துச்சண்டை படித்தவருக்கு இந்தத் தாளம் பிடிபட நேரம் எடுக்கும். முன் கைக் குத்து, மாய் கெரி, அஷி பராய் மூன்றும் அப்படியே இருக்கட்டும்.

மாற்ற வேண்டியதில் முதலாவது கை. கிஹொனில் இடுப்புக்கு இழுக்கும் கை, கூண்டில் தாடையை விட்டு இறங்கக்கூடாது. இரண்டாவது, இதுதான் கஷ்டம்: அடி பட்டதும் நின்றுவிடும் பழக்கம். நடுவர் "யாமே" சொல்லுவார் என்று உடம்பு வருடக்கணக்காகக் காத்திருக்கப் பழகிவிட்டது. கூண்டில் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். கூட்டாளியிடம் ஒன்று சொல்லுங்கள்: நான் அடிக்கும் ஒவ்வொரு தடவையும் நீ இரண்டு அடி திருப்பிக் கொடு. நீங்கள் நேரே பின்னால் போகாமல் பக்கவாட்டில் விலகுங்கள். பின்னால் போனால் முதுகில் கம்பிவலைதான். நிலத்தில் சோக்கால் ஒரு கோடு கீறி, ஒவ்வொரு அடிக்குப் பிறகும் பின்னங்கால் குதி அந்தக் கோட்டை விட்டு எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தால் விளங்கும்.

மூன்றாவது முன்னங்கால். பக்கவாட்டாக அகன்று நிற்கும்போது கெண்டைக்கால் உதைக்கும், கால் பிடித்துத் தள்ளுவதற்கும் அதுதான் முதல் இலக்கு. 2021இல் கில்பர்ட் பர்ன்ஸும் பெலால் முஹம்மதுவும் கராத்தேக்காரர் ஸ்டீஃபன் தொம்ப்சனை நிலத்தில் கிடத்தியே புள்ளியில் வென்றார்கள். நின்று அடிப்பதில் அவர்களை விடக் கெட்டிக்காரர் அவர். எழும்பத்தான் விடவில்லை.

ஆகவே ஜூடோவோ மல்யுத்தமோ வாரத்துக்கு ஒரு நாளாவது வேண்டும். ஊருக்குள் இல்லாவிட்டால் அவிசாவளை வழியாகக் கொழும்புக்குப் பஸ் இருக்கிறது. பாடசாலையில் மல்யுத்தம் இருக்கவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். ஏழு வயதில் கியோகுஷின் தொடங்கிய கனடாவின் ஜோர்ஜ் சென் பியேரும் பாடசாலையில் மல்யுத்தம் செய்தவர் அல்ல. பிறகுதான் படித்தார், அதில் தேர்ந்தவர்களையே கீழே போட்டார்.

அவர் தொடக்க காலத்தில் குப்பை அள்ளும் வேலையும், இரவு விடுதியில் வாசல் காவலும் பார்த்தவர். காசு விஷயத்தில் அவரைப் பின்பற்றுங்கள். சண்டையை நம்பிக் கையிலுள்ள வேலையை விட வேண்டாம், உயர்தரப் பரீட்சையையும் விட வேண்டாம். பால்வெட்டுக்குப் போகிறவர் என்றால், காலையில் மலை ஏறி இறங்கிய கால்களோடு அன்று மாலை கடும் உதைப் பயிற்சி வைக்காதீர்கள். அன்று கை வேலையும் தரைப்பயிற்சியும் போதும். மழையால் வெட்டு நின்றுபோகும் நாளை நீண்ட பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளலாம்.

நிலையான வருமானம் தருவது கற்பித்தல். சிறுவர் வகுப்பு எடுக்க முதலுதவிச் சான்றிதழும், விளையாட்டு அமைச்சு அங்கீகரித்த சங்கத்தின் டான் சான்றிதழும் கையில் இருக்கட்டும். பட்டிக்குக் காசு கட்டும் முன்பே அந்த அங்கீகாரத்தைக் கேட்டு உறுதிசெய்யுங்கள். பொலிஸ், இராணுவ அணிகளிலும் கராத்தேக்காரருக்கு இடம் உண்டு. வளைகுடாவில் பயிற்றுநர் வேலை என்று யாராவது வந்தால், முகவர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்தவரா என்று பார்த்த பிறகே கடவுச்சீட்டைக் காட்டுங்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கராத்தே இல்லாமல் போனாலும், 2026 ஐச்சி–நாகோயா ஆசிய விளையாட்டு விழாவில் எம்.எம்.ஏ சேர்க்கப்பட்டிருக்கிறது. பயிற்றுநர் தேவை அதனோடு கூடும் என்றே நான் நினைக்கிறேன்.

முதல் போட்டி அமெச்சூர் போட்டியாகவே இருக்கட்டும், அதுவும் குறைந்தது ஆறு மாதத் தரைப்பயிற்சிக்குப் பிறகு. தலையில் அடிபட்டு மயங்கினால் வைத்தியரைப் பார்த்துவிட்டு, ஒரு மாதமாவது ஸ்பாரிங் செய்யாதீர்கள், எவ்வளவு சுகமாக உணர்ந்தாலும் சரி. பல் பல்வைத்தியர் அளந்து செய்த மௌத் கார்டுக்குள் இருக்கட்டும். கூண்டருகில் வைத்தியர் யார் என்று ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள். பதில் இல்லையென்றால், கட்டணம் கட்டியிருந்தாலும், வீட்டுக்குத் திரும்பி வந்துவிடுங்கள்.