வெயிலில் கன்றிய தோலுக்கு எண்ணெய் எப்போது?

கத்திரி வெயிலில் தோல் சிவந்து எரிகிறதா? எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்கும் முன் இவற்றைக் கவனியுங்கள்.

● முதல் தேவை குளிர்ச்சி. தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியை 10 முதல் 15 நிமிடம் போடுங்கள். நாளுக்குச் சில முறை செய்யலாம். ஐஸ் கட்டியை நேரடியாக வைக்காதீர்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

● சூடு அடங்கும் முன் எண்ணெய் தடவினால் வெப்பம் தோலிலேயே தங்கிவிடும். எரிச்சல் தணிந்து, தோல் வறண்டு உரியத் தொடங்கும்போது தடவுவதே சரி.

● குளித்தவுடன், ஈரம் காய்வதற்குள், செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெயில் சில துளிகளை மெல்லியதாகப் பூசுங்கள். அழுத்தித் தேய்க்கவோ, உரியும் தோலைப் பிய்க்கவோ கூடாது.

● எலுமிச்சை எண்ணெயைத் தவிருங்கள். அதைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் மேலும் புண்ணாகிக் கறுக்கக்கூடும்.

● கொப்புளத்தின் மீது எந்த எண்ணெயும் வேண்டாம். கொப்புளம் பரவினாலோ, காய்ச்சல், வாந்தி, தலைசுற்றல் வந்தாலோ உடனே மருத்துவரைப் பாருங்கள்.

● எண்ணெய் வெயிலைத் தடுக்காது. காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை வெளியே போனால் குடையும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம்.