ஈயச் சன்னத்தின் உருமாற்றம்

பதுளைப் புனித மாற்குத் தேவாலயத்தை அறியாத ஊவாவாசிகள் சிலரே. அது மேஜர் தோமஸ் வில்லியம் றொஜர்ஸ் என்பாரின் நினைவோடு தொடர்புடையது. ஊவாவில் அரசாங்க அதிகாரியாயிருந்த அவர் ஏறத்தாழ 1,400 யானைகளைச் சுட்டு வீழ்த்தினார் என்பர். 1845ஆம் ஆண்டில் அப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்டார். கோப்பித் தோட்டங்கள் பெருகிய அந்நூற்றாண்டில் யானை ஒரு பீடையாகக் கருதப்பட்டது. அதனைக் கொன்றோர்க்கு அரசாங்கம் பணமும் வழங்கியது. அவ்வேட்டைகளில் ஈயச் சன்னம் எவ்வாறு தொழிற்பட்டது என்பதைப் பௌதிக நூல் வழிநின்று ஈண்டு ஆராய்வோம்.

உடலிற் பட்ட சன்னம் சூட்டினால் உருகியே தட்டையாகிறது என்று பலர் எண்ணுவர். அது பொருந்தாது. ஈயம் உருகுவதற்கு 327 பாகை சதம அளவை வெப்பம் வேண்டும். மெல்லிய தசையிற் புகும் சன்னத்தை உருமாற்றுவது வெப்பமன்று, அமுக்கமே. செக்கனுக்கு 300 மீற்றர் வேகத்தில் தசையினுட் புகும் சன்னத்தின் நுனியை ஏறத்தாழ 440 வளிமண்டல அமுக்கம் எதிர்க்கின்றது. தூய ஈயம் அதிற் பாதியையேனும் தாங்க வல்லதன்று. ஆதலின் திண்மமாயிருந்தபடியே நுனி பின்னோக்கி வழிந்து காளான்போல் விரிகின்றது. வேகம் இருமடங்காயின் அவ்வமுக்கம் நான்கு மடங்காகும்.

சன்னம் விரிவதன் விளைவு யாது? விட்டம் இருமடங்கானால் முகப்பின் பரப்பு நான்கு மடங்காகும். எதிர்ப்பும் அவ்வாறே பெருகும். எனவே சன்னம் விரைவில் ஓய்ந்து, தன் சக்தி முழுவதையும் குறுகிய தூரத்திற் செலவிட்டு, அகன்ற காயத்தை உண்டாக்கும். ஈரக் களிமண் உருண்டையைச் சுவரில் எறிந்தால் அது பரந்து ஒட்டிக்கொள்வதை இதற்கு ஒப்பிடலாம்.

இனி யானையைக் கருதுவோம். அதன் நெற்றியெலும்பு காற்றறைகள் நிறைந்த தடித்த அமைப்பு. மூளை அதற்கு வெகு பின்னே உள்ளது. மென்மையான குண்டு எலும்பிலே நசுங்கி இடைவழியில் நின்றுவிடும். விலங்கோ உடனே மாளாது, காயத்தோடு காட்டினுட் சென்று பல நாள் வருந்தும். இதனாலேயே வேட்டைக்காரர் ஈயத்தோடு வெள்ளீயம் முதலியவற்றைக் கலந்து குண்டை வன்மைப்படுத்தினர்.

மனிதர் திறத்திலோ இந்நியாயம் தலைகீழாகின்றது. உலோக உறை முழுவதும் போர்த்த சன்னம் பெரும்பாலும் உருக்குலையாது செல்லும். ஆயினும் உடலினுட் புரண்டால் அதுவும் கொடுங்காயம் செய்யும். 1890களில் கல்கத்தாவை அடுத்த டம்டம் தொழிற்சாலையில், நுனியில் உறையின்றி ஈயம் வெளித்தோன்றும் சன்னங்கள் செய்யப்பட்டன. அவை உடலில் விரிந்து பெருங்காயம் விளைத்தன. உடலினுள் எளிதில் விரியும் சன்னங்களைப் போரில் விலக்கும் பிரகடனம் 1899இல் ஹேக் நகரில் வெளியாயிற்று. பிரித்தானியா 1907இல் அதற்கு இணங்கிற்று.

யானைக்கு வன்சன்னமும் மனிதனுக்கு விரியாச் சன்னமும் வேண்டப்பட்டமைக்கு அடிப்படை ஒன்றே: வீண் வேதனையைக் குறைத்தல். ஆயினும் எவ்வுலோகமும் சுடுவோனுக்கு இரக்கத்தைக் கற்பிக்காது. இலங்கையில் யானைகள் மாள்வதற்குரிய முதன்மைக் காரணங்களுள் துவக்குச் சூடு இன்றும் ஒன்றாக இருக்கின்றது. பயிரைக் காக்க நள்ளிரவிற் சுடப்படும் சன்னம் பலவேளை கொல்வதில்லை. தசையினுள் தங்கிச் சீழ்கொள்ளச் செய்கின்றது. பயிர் இழந்த உழவனின் துயரும் மெய்யே. அவனுக்கு வேலியும் நட்டஈடும் தருவதே இருவர் துயரையும் தீர்க்கும் வழியாம்.