மேட்டிலிருந்து ஐந்து ஆறுகளுக்கு: தஞ்சாவூரில் ஒரு நாள், பஸ்ஸிலேயே

தஞ்சாவூருக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் காரில் வந்து பெரிய கோயில் வாசலில் இறங்கி, இரண்டு மணி நேரத்தில் கும்பகோணத்துக்குக் கிளம்பிவிடுகிறார்கள். கோயிலைப் பார்த்தாயிற்று; ஊரைப் பார்த்தாயிற்றா என்றால் இல்லை. இந்த ஊர் அமைந்திருக்கும் இடமே ஒரு விசேஷம். தென்மேற்கே வல்லம் பக்கம் செம்மண் மேடு. வடக்கே காவிரியும் அதன் கிளைகளும் காலங்காலமாகக் கொண்டுவந்து சேர்த்த வண்டல். இரண்டும் சந்திக்கிற விளிம்பில் தஞ்சாவூர் இருக்கிறது. தமிழ்ப் பல்கலைக்கழகம் மேட்டில், திருவையாறு வண்டலுக்குள். அரசு பஸ்ஸில் ஒரே நாளில் அந்த முனையையும் இந்த முனையையும் தொட்டுவிடலாம்.

முதலில் நாள் பார்க்க வேண்டும். சனி, ஞாயிறு வேண்டாம். பல்கலைக்கழகத் துறைகள் பூட்டியிருக்கும். புதன்கிழமை அரண்மனையில் உள்ள சரசுவதி மகால் அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. மீதி நாலு நாளில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நாளைவிட மாதம் முக்கியம். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள். அணையில் இருப்பு குறைந்த ஆண்டுகளில் திறப்பு தள்ளிப்போகும். ஏப்ரல், மே மாதங்களில் வந்தால் ஆறு என்று மணலைத்தான் காட்ட முடியும். என்னைக் கேட்டால் மார்கழிதான். சம்பா கதிர் வாங்கி நிற்கும், அடைமழை ஓய்ந்திருக்கும், நடக்கிறவருக்கு வெயிலும் உறைக்காது.

அடுத்து, பஸ் ஸ்டாண்ட் இரண்டு என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வெளியூர்க்காரர்கள் தடுமாறுவது இங்கேதான். திருச்சி, மதுரை மாதிரி தூரத்து ஊர்களுக்கான வண்டிகள் ஊருக்கு வெளியே திருச்சி சாலைப் பக்கம் உள்ள புதிய பஸ் ஸ்டாண்டில். டவுன் பஸ்களும் திருவையாறு வண்டிகளும் கோட்டைக்குப் பக்கத்தில் உள்ள பழைய பஸ் ஸ்டாண்டில். இரண்டுக்கும் நடுவே நாள் முழுக்க டவுன் பஸ் ஓடிக்கொண்டே இருக்கும். ரயில் நிலையத்தை உள்ளூரில் 'ரயிலடி' என்பார்கள். 'மெடிக்கல்' என்றால் மருத்துவக் கல்லூரி நிறுத்தம். இந்த இரண்டு பெயரும் தெரிந்தால் கண்டக்டர் குரல் கொடுக்கும்போது புரியும். பத்து, இருபது ரூபாய்த் தாள்களாக வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் கிடையாது. இருந்தாலும் கண்டக்டர் தரும் கட்டணமில்லாச் சீட்டைக் கையில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

காலை ஆறரைக்குப் பெரிய கோயில். ரயிலடியில் இறங்கியவர்கள் நடந்தே போகலாம். வழியில் ஆற்றுப்பாலத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். கீழே ஓடுவது கல்லணைக் கால்வாய். மேட்டூர் அணையோடு சேர்ந்து 1934-ல் வந்தது. இதைப் புது ஆறு என்று சொல்வோரும் உண்டு. பழைய ஆறுகள் எட்டாத ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைச் சீமைக்குக் காவிரித் தண்ணீரைக் கொண்டுபோவது இதுதான்.

கோயில் 1010-ல் முடிந்தது, விமானம் 216 அடி என்பதெல்லாம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. நான் பார்க்கச் சொல்வது சுவரில் உள்ள எழுத்தை. தளிச்சேரிப் பெண்டுகள் எனப்பட்ட கோயில் ஆடல் மகளிர் 400 பேரின் பெயர்களை ராஜராஜன் கல்லில் வெட்டிவைத்தான். ஒவ்வொருத்தியும் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், எந்தத் தெருவில், எந்தச் சிறகில் (வீட்டு வரிசையில்), எத்தனையாவது வீட்டில் இருக்கிறாள் என்பதுவரை கணக்கு. ஆளுக்கு ஒரு பங்கு. பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். இத்தனை பெரிய கோயிலை நடத்தியது நெல்தான் என்பது அந்த வரிகளில் தெரிகிறது. கல்வெட்டைப் படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, சாய்வான காலை வெளிச்சத்தில் எழுத்தின் குழி நன்றாகத் தெரியும். மதியம் பன்னிரண்டரைக்கு நடை சாத்தி நாலு மணிக்குத்தான் திறப்பார்கள் என்பதால் கோயிலைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

டிபனை முடித்து ஒன்பதரைக்கு மேல் தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்குப் பஸ் ஏறுங்கள். எட்டிலிருந்து ஒன்பதரை வரை கல்லூரிக் கூட்டம்; படிக்கட்டு வரை ஆள் நிற்கும். வல்லம் போகும் டவுன் பஸ் நல்லது. திருச்சி விரைவு வண்டிகள் பல்கலைக்கழக வாசலில் நிற்காமல் போகக்கூடும். "அண்ணே, தமிழ் யுனிவர்சிட்டி நிக்குமா?" என்று கேட்டுவிட்டே ஏறுங்கள்.

புதிய பஸ் ஸ்டாண்ட் தாண்டியதும் மண்ணின் நிறம் மாறுவதைக் கவனியுங்கள். செம்மண், இடையிடையே சரளை. தமிழுக்கென்று ஒரு பல்கலைக்கழகம் 1981-ல் தொடங்கியபோது ஏறத்தாழ ஆயிரம் ஏக்கர் கிடைத்தது இந்த மேட்டில்தான். முதல் துணைவேந்தர் மொழியியல் அறிஞர் வ. அய். சுப்பிரமணியம். வாசலில் காவலரிடம் விவரம் சொல்லிவிட்டு உள்ளே போகலாம். கட்டடங்கள் தள்ளித்தள்ளி இருப்பதால் நிறைய நடக்க வேண்டும். தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் அவசியம்.

எல்லாத் துறைக்கும் போக நேரம் இருக்காது. ஓலைச்சுவடித் துறை ஒன்று போதும். வேலையைக் கெடுக்காமல், பார்க்கலாமா என்று அனுமதி கேளுங்கள். ஒரு பழஞ்சுவடியை அருகில் பார்த்தால் வியப்பாக இருக்கும். விரல் அகல ஓலையில் எழுத்தாணியால் கீறிய வரிகள். வார்த்தைக்கும் வார்த்தைக்கும் இடைவெளி கிடையாது, மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளியும் கிடையாது. எழுத்து மங்கியிருந்தால் மையோ கரியோ தடவித் துடைப்பார்கள். கீறலில் மட்டும் கறுப்பு தங்கி வரி எழுந்து வரும். உ.வே.சா. போன்றவர்கள் இப்படிப்பட்ட ஓலைகளோடுதான் ஆயுளைக் கழித்தார்கள். திரும்பும்போது பதிப்புத்துறையில் எட்டிப் பாருங்கள். அறிவியல் களஞ்சியமும் வாழ்வியற் களஞ்சியமும் இங்கே வெளியானவை. ஒரு தொகுதி கிடைத்தாலும் விடாதீர்கள்; தமிழில் இந்த அளவில் வேறு முயற்சிகள் அதிகம் இல்லை.

பன்னிரண்டு மணிக்கு எதிர்ப்பக்கம் நின்று பழைய பஸ் ஸ்டாண்டுக்கு வண்டி பிடியுங்கள். சாப்பாடு அங்கேயே. ஒன்றரைக்கு அரண்மனை, நடக்கிற தூரம்தான்.

அரண்மனையில் இரண்டே இடம். ஒன்று கலைக்கூடம். திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகன தேவர் முன்னால் போய் நில்லுங்கள். 1011-ல் வார்த்தது. காளை பக்கத்தில் இல்லை. ஆனால் அதன் மேல் சாய்ந்திருக்கிற அந்தக் கையின் தளர்வைப் பார்த்தால் காளை அங்கே நிற்பது போலவே இருக்கும். தலையில் சுற்றிய சடை பாம்பாக நெளிவதைப் பக்கவாட்டில் போய்ப் பாருங்கள். இன்னொன்று சரசுவதி மகால் அருங்காட்சியகம். 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி தேடித்தேடிச் சேர்த்த நூல்கள். கண் நோயாளிகளுக்குச் செய்த சிகிச்சையைக் கண்ணின் படத்தோடு எழுதிவைத்த குறிப்புகளும் இந்த நூலகத்தின் சொத்து. 1918-லேயே இது பொதுமக்களுக்குத் திறந்த நூலகமாகிவிட்டது. மணி கோபுரம், தர்பார் மண்டபமெல்லாம் நேரம் இருந்தால் பார்க்கலாம்.

மூன்றேகாலுக்குள் பழைய பஸ் ஸ்டாண்டில் இருங்கள். நாலு மணிக்குக் கல்லூரி விட்டுவிட்டால் உட்கார இடம் கிடைக்காது. திருவையாறு வண்டியில் ஏறி வலது பக்க ஜன்னலைப் பிடியுங்கள். மாலை வெயில் இடது பக்கம் அடிக்கும். தூரம் 13 கிலோமீட்டர்தான், ஆனால் நாளின் சிறந்த பகுதி இதுதான்.

கரந்தையைத் தாண்டும்போது 1911-ல் தொடங்கிய கரந்தைத் தமிழ்ச் சங்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஆறுகளை எண்ணத் தொடங்குங்கள். முதலில் வடவாறு. பள்ளியக்கிரகாரத்தில் வெண்ணாறு. அங்கிருந்து கும்பகோணம் சாலை பிரிந்துபோக, நம் வண்டி வயலுக்குள் இறங்கும். பிறகு வெட்டாறு. கண்டியூர்ப் பக்கம் குடமுருட்டி. கடைசியில் காவிரி. ஒவ்வொரு பாலத்துக்கும் வண்டி சற்று ஏறி இறங்குகிறது. கரையைவிட வயல் தாழ்ந்து கிடக்கிறது. அதனால்தான் மதகைத் திறந்தால் தண்ணீர் தானாக வாய்க்காலில் இறங்கி வயலுக்குப் பாய்கிறது. காலையில் நின்ற செம்மண் மேட்டையும் இந்தக் கரிய சேற்றையும் ஒரே நாளில் பார்க்கும்போதுதான், கோயில் சுவரில் இருந்த அந்த நெல் எங்கிருந்து வந்தது என்பது விளங்கும்.

திருவையாற்றில் ஐயாறப்பர் கோயில் நாலு மணிக்குத் திறக்கும். அதை முடித்துக் காவிரிக்கரையில் தியாகராஜர் சமாதிக்கு நடங்கள். 1847-ல் மறைந்தவருக்கு அங்கே கோயில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். ஜனவரியில் ஆராதனை நடக்கும் நாட்களில் பஸ்ஸில் இடம் பிடிப்பதே பெரும்பாடு. இசைக்காக வராதவர்கள் வேறு நாள் பார்த்துக்கொள்ளலாம். கடைத்தெருவில் அசோகா வாங்கிச் சாப்பிடாமல் திரும்பாதீர்கள். பாசிப்பருப்பை வேகவைத்து நெய்யில் கிளறியது. சூடாக இருக்கும்போதே சாப்பிட வேண்டும். பார்சல் கட்டினால் அந்த ருசி வராது.

திருவையாற்றில் இறங்கும்போதே கண்டக்டரிடம் தஞ்சாவூருக்குக் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். இருட்டிய பிறகு வண்டிகளின் இடைவெளி கூடிவிடும். இரவு உழவன் எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போகிறவர்கள் ஆறரைக்கே கிளம்பி, பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கி ரயிலடிக்கு டவுன் பஸ் பிடிக்கலாம். திருச்சிப் பக்கம் போகிறவர்கள் அங்கிருந்தே புதிய பஸ் ஸ்டாண்ட் வண்டியில் ஏறிக்கொள்ளலாம்.