எரிந்த நிலத்தை அளக்கும் ராடார் செயற்கைக்கோள்

காட்டுத்தீ அணைந்த பின், எவ்வளவு பரப்பு எரிந்தது என்பதை முதலில் அறிய வேண்டும். மழைக்கு முன் எந்தச் சரிவில் மண் அரிப்பைத் தடுப்பது, யாருக்கு எவ்வளவு இழப்பு என்பதெல்லாம் இந்த அளவைப் பொறுத்தே முடிவாகும். இதை அளக்க ராடார் செயற்கைக்கோள்கள் எவ்வாறு பயன்படுகின்றன என்பதை உழவர்கள் அறிந்திருத்தல் நன்று.

ராடார் இயங்கும் விதம்

சாதாரணச் செயற்கைக்கோள் படத்திற்குச் சூரிய ஒளி தேவை. மேகமும் அடர்ந்த புகையும் அதை மறைத்துவிடும். ராடாரோ வௌவாலைப் போன்றது. வௌவால் ஒலி எழுப்பி எதிரொலியைக் கேட்பதுபோல, ராடார் தானே வானலைகளை அனுப்பி, திரும்பி வருவதைப் பதிவு செய்கிறது. ஆகவே இரவிலும், புகையினூடேயும் நிலத்தைக் காண இயலும்.

அமைதியான ஏரி நீரில் படும் அலை மறுபுறம் சென்றுவிடுவதால் ஏரி கருமையாகத் தெரியும். மரங்கள் அடர்ந்த காட்டில் இலை, கிளைகளில் பட்டு அலை பலவாறு சிதறும். அதில் ஒரு பகுதி அதிர்வுத் திசை மாறித் திரும்பும். இலையும் சிறு கிளைகளும் எரிந்துவிட்டால் இப்பகுதி குறையும். தீக்கு முன் எடுத்த படத்தையும் பின் எடுத்த படத்தையும் ஒப்பிட்டு, குறைந்த இடங்களை எரிந்தவை எனக் குறிக்கின்றனர்.

இந்தோனேசியாவில் கண்ட பயன்

2015-ஆம் ஆண்டு எல் நினோ வறட்சியின்போது இந்தோனேசியாவின் சுமத்ரா, கலிமந்தான் பகுதிகளில் பெருந்தீ பரவியது. பீட் எனப்படும் கரிச் சதுப்பு மண்ணும் எரிந்ததால் புகை பல வாரங்கள் நீடித்து, சிங்கப்பூர், மலேசியா வரை பரவியது. அரசுக் கணக்கின்படி எரிந்தது சுமார் 26 லட்சம் எக்டர். 2014-இல் ஏவப்பட்ட ஐரோப்பாவின் சென்டினல்-1 ராடார் படங்களைக் கொண்டு ஆய்வாளர்கள் கணக்கிட்டபோது, அது சுமார் 46 லட்சம் எக்டர் என வந்தது. அளக்கும் முறை மாறினால் கணக்கு எவ்வளவு மாறும் என்பதற்கு இது சான்று.

தவறு நேரக்கூடிய இடங்கள்

ராடார் காட்டுவது மாற்றத்தை மட்டுமே. அதன் காரணத்தை அது சொல்லாது.

1. அறுவடை செய்த வயலிலும் பயிர்ச்செறிவு குறைவதால், அது எரிந்த நிலம்போல் தோன்றக்கூடும்.

2. தீக்குப்பின் மழை பெய்தால், ஈர மண் அலையை வலுவாகத் திருப்புவதால் எரிந்த இடம் மறைந்துபோகலாம். எனவே வறண்ட நாட்களில் எடுத்த படங்களை ஒப்பிடுவதே சிறந்தது.

3. சென்டினல்-1 அனுப்பும் அலையின் நீளம் சுமார் 5.6 செ.மீ. இது அடர்ந்த காட்டில் மேல் இலைகளிலேயே நின்றுவிடும். தரையில் சருகு மட்டும் எரிந்தால் தெரியாது. இஸ்ரோவும் நாசாவும் இணைந்து உருவாக்கி, 2025 ஜூலை 30-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய நிசார் செயற்கைக்கோளின் 24 செ.மீ. அலை இன்னும் ஆழமாக ஊடுருவவல்லது.

உழவர்கள் செய்யவேண்டியவை

காட்டையொட்டி நிலம் உள்ளவர்கள் அறுவடை நாள், உழவு நாள், தீப்பற்றிய நாள், புல எண் ஆகியவற்றைக் குறித்து வைக்க வேண்டும். எரிந்த இடத்தைக் கைப்பேசியில் இருப்பிடக் குறிப்புடன் உடனே படமெடுத்து வைப்பது நல்லது. கள ஆய்வுக்கு அலுவலர் வரும்போது இக்குறிப்புகளைக் காட்டலாம். எரிந்த சரிவுகளில் மேலும் கீழுமாக உழவேண்டாம். மழைக்கு முன் சரிவுக்குக் குறுக்கே கல் அல்லது தழை வரப்பு அமைத்து மேல்மண்ணைக் காக்கவும்.

விண்ணிலிருந்து எடுத்த வரைபடம் சரியா என்பதை நிலத்தில் நின்று பார்த்தவரே உறுதிசெய்ய முடியும். அறுத்த வயல் எரிந்த கணக்கிலும், எரிந்த தோட்டம் விடுபட்ட கணக்கிலும் சேராமல் காப்பது உழவரின் குறிப்பேடே.