மூளைச் சத்திரசிகிச்சையின் பின் அசைவு தெரியாமற் போகுமா?

மூளையில் இருந்த கட்டியை அகற்றிய ஒருவர் வீடு திரும்புகிறார். கண் வைத்தியரின் எழுத்து அட்டையைக் கடைசி வரிவரை வாசிக்கிறார். ஆனால் வீதியைக் கடக்க மறுக்கிறார். தேநீர் ஊற்றினால் கோப்பை வழிகிறது. “ஒப்பரேசனோடை பயந்திட்டார்” என்று நம்மவர்கள் முடிவுகட்டி விடுவார்கள். அது பயமாக இல்லாமலும் இருக்கலாம்.

கண் படம் பிடித்துக் கொடுக்கிறது. அதை விளங்கிக்கொள்வது மூளை. நிறம், முகம், அசைவு ஆகியவற்றை அறிவதில் மூளையின் வெவ்வேறு பகுதிகள் முக்கிய பங்கு வகிக்கின்றன. அசைவுக்குரிய பகுதி காதுக்குப் பின்புறமாக, சற்று மேலே, இரு பக்கங்களிலும் உண்டு. ‘வி-5’ என்று அழைப்பார்கள்.

1983இல் ஜேர்மனியின் மியூனிக் நகர ஆய்வாளர்கள் 43 வயதுப் பெண் ஒருவரைப் பற்றி எழுதினார்கள். அவருக்கு நடந்தது சத்திரசிகிச்சை அல்ல. மூளை நாளத்தில் இரத்தம் உறைந்ததால் இருபக்கமும் பழுதடைந்தது. நிறமும் பொருட்களும் தெரிந்தன. ஆனால் ஊற்றும் தேநீர் பனிக்கட்டிபோல் உறைந்து நின்றது. தூரத்தில் கண்ட கார் திடீரெனப் பக்கத்தில் நின்றது! பேசுபவரின் வாயசைவு தெரியாததால் உரையாடலும் சிரமமாயிற்று.

கட்டி, இரத்தக்கசிவு, வலிப்பு போன்றவற்றுக்காக இப்பகுதியை அண்டிச் சத்திரசிகிச்சை செய்யும்போதும் இது பாதிக்கப்படலாம். பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டுமே என்பதால் இவ்வளவு கடுமையாக இராது. வீக்கத்தால் வந்ததானால் வீக்கம் வற்றக் குறையலாம்.

நாங்கள் இதைவிட அதிகம் காண்பது, பார்வைப்புலத்தின் ஒரு பாதி மறைந்துபோவதை. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். எழுத்து அட்டை அசைவதில்லை. அதனால் அசைவுக் குறைபாட்டை அது காட்டாது. பார்வைப்புலப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். “கண் மங்கல்” என்று மட்டும் சொல்லாமல், “கார் பாய்ந்து பாய்ந்து வருவதுபோல் தெரிகிறது” என்று நடப்பதை அப்படியே சொல்லுங்கள். மொழிபெயர்க்கும் பிள்ளைகள் இதைச் சுருக்க வேண்டாம்.

வைத்தியர் அனுமதிக்கும்வரை கார் ஓட்டக்கூடாது. வீதியைச் சமிக்ஞை விளக்கு உள்ள இடத்தில் மட்டும் கடக்கவேண்டும். அந்த மியூனிக் பெண், வாகனச் சத்தம் கூடுவதைக் கொண்டு தூரத்தைக் கணிக்கப் பழகிக்கொண்டார். அவரது காது அசைவை நன்றாகவே அறிந்தது.

சத்திரசிகிச்சை செய்தவரோ செய்யாதவரோ, இப்படியான மாற்றம் திடீரென வந்தால் அடுத்த அப்பொயின்ட்மென்ட் வரை காத்திராமல் உடனே அம்புலன்ஸை அழையுங்கள்.