நாற்சில்லும் உந்தும் வண்டி

விழா மலருக்கு இலக்கியக் கட்டுரையொன்று தருமாறு எம்மை வேண்டினர். யாமோ மோட்டார் வண்டியைப் பற்றி எழுதப் புகுந்தோம். இயந்திரவியல் வல்லார் எழுதற்குரிய பொருளைத் தமிழாசிரியர் கையிலெடுத்தது துணிவே. ஆயினும் இப்பொருளை யாம் நூலிற் கற்கவில்லை. சேற்றிலே நின்று கற்றோம். கற்றதை மாணவர்க்குப் பாடமாகவும், வண்டி வைத்திருக்கும் பழைய மாணவர்க்குப் பயன்படு குறிப்பாகவும் ஈண்டுத் தருகின்றோம்.

கல்லூரியை விட்டு, ஆசிரியர் பயிற்சியையும் முடித்தபின், கேகாலை மாவட்டத்திலே தெரணியகலைக்கு அண்மையிலுள்ள தோட்டப் பாடசாலையொன்றிற் பணியேற்றோம். அவிசாவளையிலிருந்து தெரணியகலை வந்து, நூரி, மாலிபொட என மேலேறிச் செல்லும் அந்நிலம் சிவனொளிபாத மலையின் மேற்குப்புறச் சாரல். உடமாலிபொட வழியாக அம்மலைக்கு ஏறும் பாதையும் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து அள்ளிவரும் நீரை இறக்கிவைக்கும் இடங்களுள் இஃது ஒன்றாதலின், வைகாசி பிறந்தால் சீதாவாக்கை ஆறு கரைபுரளும். கீழே றப்பர், மேலே தேயிலை. பெருந்தெருவுக்குத் தார் உண்டு. அப்பால் லயங்களுக்குச் செல்லும் பாதையோ முன்னொரு காலத்திற் கல் பாவியது. கல் பெயர்ந்த இடமெல்லாம் செம்மண்.

2014ஆம் ஆண்டு வைகாசி மாதத்து இரவொன்றிலே, மேற்கணக்கு லயத்தில் நிறைமாதத் தாயொருத்திக்கு நோவு கண்டது. (தோட்டத்தின் பிரிவைக் கணக்கு என்பது அங்குள்ள வழக்கு.) தோட்டத்து லொறி அன்று வெளியூர் போயிருந்தது. கீழிருந்து வாடகைக்கு ஒரு வானை வருவித்து அவளை ஏற்றினர். பாதை ஓரிடத்தில் ஓடையைக் கடக்கப் பள்ளத்தில் இறங்கி, மறுகரையிலே செங்குத்தாக ஏறும். அவ்வேற்றத்தின் நடுவிலே வான் நின்றுவிட்டது. பதினொருவர் பின்னின்று தள்ளினோம். சாரதி எஞ்சினை முடுக்க முடுக்கச் சேறு எம் முகத்தில் தெறித்தது. அப்பொழுது லாந்தர் வெளிச்சத்திலே யாம் ஒன்று கண்டோம். பின்புறத்து இடச் சில்லு பம்பரம்போற் சுழன்றது. வலச் சில்லோ நல்ல கருங்கல்லின்மேல் நின்றது; நின்றும் இம்மியும் அசையவில்லை.

சேற்றில் நின்றது சுழல, கல்லில் நின்றது ஏன் சும்மா இருந்தது? அன்றிரவு முழுவதும் எம்மை விடாது பற்றிய வினா அது. மழை ஓயுமுன்னே, மாமியார் கையிலே, வானுக்குள்ளேயே பெண்மகவு பிறந்துவிட்டது. தாய்க்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. தெரணியகலை நகரில் அந்நாளில் தொழில் பார்த்துவந்த, எம் கல்லூரியில் எமக்கு ஐந்தாண்டு மூத்தவரான அண்ணர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தோம். அரைமணியில் வந்தார். வந்தது ஜீப் அன்று. பின்னிருக்கையில் பிள்ளைகளின் புத்தகப் பையும், அதற்குப் பின்னே அரிசி மூட்டையும் கிடந்த குடும்பக் கார். வானைப் பின்னுக்கு உருட்டி ஓரத்தில் ஒதுக்கினோம். கார் பள்ளத்தில் இறங்கித் திரும்பி, தாயையும் சேயையும் மாமியாரையும் எம்மையும் ஏற்றிக்கொண்டு, அதே ஏற்றத்தை அதே சேற்றில் முனகாமல் ஏறிற்று. இருவரும் பிழைத்தனர். அப்பெண்பிள்ளை இப்பொழுது எம்மிடமே தமிழ் படிக்கிறாள்.

மறுநாள் அண்ணரிடம், “உங்கள் கார் வானைவிடப் பலமுள்ளதோ?” என்று வினவினோம். “தம்பி, வானிலயும் பலம் இருந்தது, அது போன இடந்தான் பிழை” என்றார். இவ்விடையை விளக்குவதே இப்பாடம்.

தேர் வீதி மூலையிலே திரும்புவதை நினைவுகூர்க. வெளிப்புறச் சில்லு நெடுவழி ஓடும். உட்புறச் சில்லு குறுவழி ஓடும். மாட்டுவண்டியில் இஃது இடர் அன்று. இரு சில்லும் அச்சிலே தனித்தனி சுழல்வன. மோட்டார் வண்டியிலோ சில்லுகளை எஞ்சின் சுழற்றவேண்டும். இரண்டையும் ஒரே தண்டில் இறுகப் பூட்டினால், திரும்புந்தோறும் ஒன்று தேய்ந்து இழுபடும். ஆகவே இரண்டுக்கும் நடுவே பற்சில்லுக் கூட்டமொன்றை வைத்தனர். கராஜிலே அதனை டிபரன்சல் என்பர். இரு சில்லும் வெவ்வேறு வேகத்திற் சுழல அஃது இடங்கொடுக்கும். ஆயின் இருபுறத்துக்கும் சமமான முறுக்குவிசையையே கொடுக்கும்.

இச்சமநீதியே எமக்கு அன்று வினையாயிற்று. கல்லின்மேலுள்ள சில்லு 100 பங்கு விசையைத் தாங்கவல்லது என்றும், சேற்றிலுள்ளது 10 பங்கையே தாங்கவல்லது என்றும் கொள்வோம். 10க்கு மேற் கொடுத்தாற் சேற்றுச் சில்லு வழுக்கிச் சுழலும். அதற்கு மேல் அதற்கு விசை ஏறாது. அதற்கு ஏறாதது மற்றதற்கும் ஏறாது. எனவே வண்டிக்குக் கிடைப்பது 110 அன்று. 10உம் 10உம் ஆக 20. எஞ்சினை எவ்வளவு முடுக்கினும் சேறுதான் பறக்கும். பலவீனமானவன் எவ்வளவு தூக்குவானோ அவ்வளவே பலசாலியும் தூக்கலாம் என்று விதித்தாற்போல.

இன்னொன்றும் உண்டு. வண்டியின் பாரத்தை நான்கு சில்லும் சுமக்கின்றன, உந்துவனவோ இரண்டே. நிலத்தைப் பற்றும் பிடி, பாரத்தையும் உராய்வையும் பொறுத்ததாதலின், உந்தாத சில்லுகளின் மேலுள்ள பாரம் ஏற்றத்துக்கு உதவாச் சுமையே. நான்கையும் உந்தச் செய்தால் முழுப் பாரமும் பிடியாகும்.

நாற்சில்லும் உந்தும் வண்டி புதிதன்று. ஒல்லாந்து தேசத்து ஸ்பைக்கர் 1903இலேயே அவ்வாறு செய்தது. 1941இன் ஜீப்பும் 1948இன் லாண்ட் ரோவரும் அதனை உலகெங்கும் பரப்பின; நம் தோட்டங்களிலே துரைமார் ஏறிவந்தவை அவையே. ஆனால் அவை பாரமானவை, குலுக்குவன; குடும்பத்தோடு கோயிலுக்குப் போகத்தக்கவை அல்ல. குடும்பக் காரிலேயே இவ்வாற்றலை அமைத்த வரலாறு எமக்கு மிகவும் உவப்பானது. ஜப்பானின் வடபகுதியிலே தொஹோக்கு மின்சார நிறுவனத்துப் பணியாளர் பனிமலைகளிலே மின்கம்பிகளைப் பேணச் செல்வர். ஜீப்பின் குளிரும் குலுக்கலும் அவர்களுக்கு ஆற்றவில்லை. மலையேறும் கார் ஒன்று வேண்டும் என மியாகி மாகாணத்துச் சுபாரு விற்பனையாளரிடம் 1970 அளவிற் கேட்டனர். அக்கராஜ்காரர் முன்சில்லு உந்தும் சிறு காரிலே, மற்றொரு நிறுவனத்துக் காரின் பின்னச்சை எடுத்துப் பொருத்திக் காட்டினர். அம்முயற்சியை நிறுவனமே கையேற்று, 1972இலே லியோன் என்னும் காரின் நாற்சில்லுந்தி வகையைச் சந்தைக்கு விட்டது. கல்வித் திணைக்களமோ அமைச்சோ அன்று, கம்பி இழுக்கும் தொழிலாளர் கேட்டதனால் ஒரு கருவி பிறந்தது என்பதைத் தோட்டத்து மாணவர் மனங்கொள்க.

தமிழாசிரியர் என்ற முறையிலே ஒரு சொல் விளக்கம். சுபாரு என்பது ஜப்பானியர் கார்த்திகை மீன்கூட்டத்துக்கு இட்ட பெயர். ஒன்றுகூடுதல் என்பதும் அதன் பொருள். நம் சங்கச் சான்றோர் அறுமீன் என்று வழங்கியதும், கந்தவேளைப் பாலூட்டி வளர்த்ததாகக் கதை கூறுவதும் அக்கூட்டமே. 1953இலே தொடங்கிய பூஜி கனரகத் தொழில் நிறுவனத்தில் ஐந்து நிறுவனங்கள் இணைந்தமையின், கார் முகப்பிலே ஐந்து சிறுமீனும் ஒரு பெருமீனும் பொறித்தனர். அன்றிரவு அண்ணரின் காரிலே அறுமீன் ஒளிரக் கண்டு, லயத்துக் கிழவியொருத்தி கைகூப்பியது வேறு கதை.

அக்கார் 1997இலே முதன்முதல் வெளிவந்த போரெஸ்டர் வகையைச் சேர்ந்தது. அதன் எஞ்சினிலே உருளைகள் நிமிர்ந்து நில்லாது, இருபுறமும் எதிரெதிரே படுத்துக் கிடக்கும். ஆதலின் பாரம் தாழ்வாக அமைகிறது. எஞ்சினிலிருந்து பின்னச்சுக்குத் தண்டும் நேராக ஓடுகிறது. முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே மூன்றாவது டிபரன்சல் ஒன்று உண்டு. அதனையும் சும்மா விட்டால் முற்கூறிய குறையே நேரும்: ஒரு சில்லு வழுக்கினால் நான்கும் சோரும். எனவே, கையாற் கியர் மாற்றும் வகையிலே, சிலிக்கன் எண்ணெயில் மூழ்கிய தட்டடுக்கு ஒன்றைச் சேர்த்தனர். முன்பின் அச்சுகளின் வேகம் வேறுபட்டால், எண்ணெய் கலக்குண்டு சூடேறித் தட்டுகளைப் பிணைக்கும். வழுக்காத அச்சுக்கு விசை பாயும். தானே கியர் மாறும் வகையிலே இப்பணியை மின்னணுக் கட்டுப்பாட்டாற் செய்வர். முன்னொன்றும் பின்னொன்றுமாகக் குறுக்கே இரு சில்லு பிடியிழந்தால் இதுவும் திணறக்கூடும். எல்லாம் வல்லதோர் இயந்திரம் என்று யாம் சொல்லவில்லை.

இனி டேர்போ. எஞ்சினுக்கு உணவு பெற்றோல் மட்டுமன்று, காற்றும் வேண்டும். எவ்வளவு காற்று உருளைக்குட் புகுமோ அவ்வளவு பெற்றோலே நன்கு எரியும். புகைக்குழாய் வழியே வீணாகப் போகும் சுடுவளியின் வேகத்தாற் சிறு சுழலியொன்றைச் சுற்றச் செய்து, அதே தண்டின் மறுமுனையிலுள்ள விசிறியாற் காற்றை அமுக்கி உள்ளே தள்ளுவதே டேர்போ. சுவிற்சர்லாந்து எந்திரியார் அல்பிரட் பியூக்கி 1905இலே இதற்குக் காப்புரிமை பெற்றார். பெற்றோல் கார்களிலே 1962இல் அமெரிக்காவில் இரண்டு வகை வெளிவந்தன. நாற்சில்லுந்தலையும் டேர்போவையும் சேர்த்துப் பெயர்பெற்றது 1980இன் அவுடி குவாற்றோ. எனினும் அஃது ஓட்டப்பந்தயத்துக்கு வேட்டவர் வண்டி. போரெஸ்டரின் பொனற்றின் மேலே வாய்போல ஒரு திறப்பு இருக்கும். பலர் அதை அலங்காரம் என்பர். அமுக்கிய காற்றுச் சூடேறி விரியுமாதலின், அதனைக் குளிர்விக்கும் கருவிக்கு வெளிக்காற்று புகும் வழி அது. 2 லீற்றர் எஞ்சின் அதனால் ஏறத்தாழ 250 குதிரைவலு தந்தது.

உயரம் மிகுந்த இடத்திலே டேர்போ பின்னும் பயனுடையது. 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவிலே காற்றமுக்கம் கடற்கரையைவிட ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைவு. சாதாரண எஞ்சின் அங்கு மூச்சு வாங்கும். தெரணியகலை அவ்வளவு உயரமன்று. எம் பள்ளத்து ஏற்றத்திலே காரை ஏற்றியது 250 குதிரைகளல்ல. அவற்றுட் சிலவற்றை நான்கு சில்லுக்கும் பங்கிட்ட முறையே.

இத்தகைய கார் வாங்க எண்ணும் பழைய மாணவர்க்குச் சில எச்சரிக்கை கூறவேண்டும். முதலாவது, உயிர்பற்றியது. ஏற உதவும் நாற்சில்லு நிற்க உதவாது. எல்லாக் கார்களுக்கும் பிறேக் நான்கு சில்லிலும் உண்டு. ஆகவே இறக்கத்திலே இக்காருக்குத் தனிச்சிறப்பு ஏதுமில்லை. ஏற்றத்தில் வழுக்காமல் வந்தவனுக்குப் பாதை வழுக்கும் என்பதே மறந்துபோகிறது. அண்ணரே ஒருமுறை மழையில் நூரிப் பக்கத்து இறக்கத்திலே விரைந்து வந்து கானுக்குள் இறக்கினார். தாழ்ந்த கியரிலே இறங்குவதே முறை.

ரயர் தேய்ந்தால் ஒன்றை மட்டும் மாற்றுதல் கூடாது. புதிய ரயரின் சுற்றளவு பெரிது. பழையதோடு வேகம் ஒவ்வாமல், நடுத்தட்டுகள் நேர்வழியிலும் ஓயாது உழைத்துக் கெடும். நான்கையும் ஒருங்கே மாற்றும் வசதி ஆசிரியச் சம்பளத்துக்குள் அடங்குமோ என்பதை வாங்குமுன் எண்ணுக. பெற்றோலும் 95 ஒக்ரேன் வேண்டும். 92 ஊற்றினால் அமுக்கத்திலே அது முந்தி வெடித்து எஞ்சினைத் தட்டும். 2022இலே எரிபொருள் அட்டை முறை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றரே கிடைத்தது. அண்ணர் அக்காரைக் கொட்டிலில் நிறுத்திவிட்டுப் பஸ்ஸிற் சென்றார். 2020 மார்ச்சிலே தடைப்பட்ட வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே திறந்தமையால், பழைய கார்களின் விலை யானைவிலை ஆயிற்று. விற்கச் சொன்னவர் பலர், அவர் விற்கவில்லை.

எண்ணெயைப் பற்றியும் சொல்லவேண்டும். டேர்போத் தண்டு நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றுக்கு மேலும் சுழலும். அதனைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலம். மலையேறி வந்தவுடன் எஞ்சினை நிறுத்தினால் எண்ணெயோட்டம் நின்று, கொதிக்கும் தண்டிலே எண்ணெய் கருகிப் படியும். ஆகவே நிறுத்துமுன் ஓரிரு நிமிடம் சும்மா இயங்கவிடுவது வழக்கம். அண்ணர் இதில் வெகு கண்டிப்பானவர். வீட்டு வாசலில் மழையிலும் எஞ்சின் ஆறும்வரை இறங்கமாட்டார். அன்றிரவு வைத்தியசாலை வாசலில் மட்டும் அவர் அதனை எண்ணவில்லை. கதவைத் திறந்தபடி விட்டு, குழந்தையைச் சேலையோடு வாரிக்கொண்டு உள்ளே ஓடினார். தாயைக் கட்டிலில் ஏற்றி, தாதிமார் எம்மை வெளியே அனுப்பியபின், வாசலுக்கு வந்து பார்த்தோம். சாவி அப்படியே இருந்தது. கார் மழையிலே தனியே நின்று மெல்ல இயங்கிக்கொண்டிருந்தது.